பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்: சிங்கப்பூரில் பலரும் செய்யும் தவறுகள்

வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ரிப்பேரும் கூடவே நடந்துகொண்டிருக்க வேண்டும். டிசி2 இன்டெக்ரா, ஈகே9 சிவிக், மாஸ்டா ரோட்ஸ்டர், சில்வியா, இம்ப்ரெஸா என்று எதை வாங்கினாலும் சிங்கப்பூரில் இதுதான் சரிப்படும். வெளிநாட்டில் ஒருவர் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, கடைசி போல்ட் வரை கழற்றி, மூன்று நான்கு வருஷம் ஆற அமரச் செய்து முடிப்பதை வீடியோவில் பார்க்கிறோம். ஆசை வருகிறது. நம்மாட்களும் அப்படியே ஆரம்பிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இங்கே நடக்கும் பெரிய தவறு அதுதான்.

காரணம் சிஓஇ, அதாவது இங்கே காரைப் பதிந்து வைத்துக்கொள்ளக் காசு கட்டி வாங்கும், காலவரையுள்ள உரிமைச் சான்றிதழ். ஒரு பேச்சுக்கு, பத்து வருஷப் புதுப்பிப்புக்கு 90,000 வெள்ளி கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 25 வெள்ளி. பட்டறையில் எஞ்சின் இல்லாமல் வண்டி நிற்கும் நாளிலும் அந்த 25 வெள்ளி போய்க்கொண்டுதான் இருக்கும். அதோடு சாலை வரி, இன்ஷூரன்ஸ், பட்டறைக்காரர் இடத்துக்குக் கேட்கும் காசு எல்லாம் தனி. வீட்டிலேயே கழற்றலாம் என்றால் நமக்கு இருப்பது புளோக் கார்பார்க், அங்கே ரிப்பேர் வேலை செய்யக்கூடாது. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ உள்ள பட்டறைகளுக்கும் இடம் நெருக்கடிதான். பாதி கழற்றிய வண்டி மூலைக்குத் தள்ளப்படும், போல்ட் போட்டுவைத்த டப்பா காணாமல் போகும், உங்கள் உற்சாகமும் வற்றிவிடும். ஒரு வார இறுதியில் முடியக்கூடிய வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் பிரேக், அடுத்த மாதம் ரேடியேட்டர், அப்புறம் சஸ்பென்ஷன் புஷ்.

சிஓஇயிலேயே இன்னொரு பொறி உண்டு. பணம் குறைவு என்று ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து வருஷம் முடிந்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, வண்டியின் பதிவை ரத்து செய்தே ஆக வேண்டும். மனசுவைத்துச் சீராக்க நினைக்கும் வண்டிக்கு அது கூடவே கூடாது. பத்து வருஷத்துக்கு எடுத்தால் பிறகும் நீட்டிக்கலாம். ஏற்கெனவே ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்த வண்டி சந்தையில் மலிவாகக் கிடைக்கும். விலையைப் பார்த்து மயங்காமல் அதில் எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள். பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடும், வருஷா வருஷம் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். சோதனையும் ஆண்டுதோறும் உண்டு. இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் வாங்கிவிட்டு, பிறகு டயர் மாற்றக் காசில்லாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

35 வயது ஆகிவிட்டால் கிளாசிக் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் வருஷத்தில் 45 நாள்தான் ஓட்டலாம். 1989-இல் வந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டர் இப்போது அந்த வயதை எட்டிவிட்டது. ஞாயிறு காலை மட்டும் எடுப்பவருக்கு அது சரி, வேலைக்கும் அதிலேயே போக நினைப்பவருக்குச் சரிவராது.

வாங்கும்போது சாயத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால், எஞ்சினிலும் சேசிஸிலும் உள்ள எண்களைப் பதிவு விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜொகூர் வழியாக வந்த ஹாஃப்கட்டிலிருந்து, அதாவது பாகங்களுக்காகப் பாதியாக வெட்டி விற்கும் பழைய காரிலிருந்து, எஞ்சின் மாறியிருக்கலாம். மாற்றியது பதிவாகியிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் அந்தத் தலைவலி உங்கள் தலையில்தான். அதைப் போலத்தான் எக்ஸாஸ்ட்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்கு உட்பட்டதா என்று விற்பவரிடம் தாளைக் கேளுங்கள். “எல்லாரும் போடுறாங்க” என்பது தாள் ஆகாது.

வண்டி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் கை போவது ரிம்முக்கும் சீட்டுக்கும்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது குளிர்விக்கும் அமைப்பை. முப்பது டிகிரி வெயிலில் தீவு விரைவுச்சாலை நெரிசலில் மாட்டினால் பழைய ரேடியேட்டரின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல்பக்க பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். புதிதில் அது கறுப்பு. வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு, தேநீர்க் கறைபோல் பழுப்பாகிவிடும். அப்படி இருந்தால் பிளாஸ்டிக் வெடிக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். கசியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ரேடியேட்டர், மூடி, சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

இங்கே பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். அலுமினிய ஹெட்டும் வாட்டர் பம்பும் அரிக்காமல் பார்த்துக்கொள்வது, கொதிநிலையைக் கூட்டுவது இரண்டும்தான் நமக்குத் தேவை. சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டையே பிடுங்கிப் போடுவதும் இந்த ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் விரைவுச்சாலையில் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராது. வண்டி இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். நோய் ரேடியேட்டரில் இருக்க, மருந்தை வேறு எங்கோ கொடுத்த கதை.

வெயில் செய்யும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். தெரிந்த தம்பி ஒருவரின் இன்டெக்ரா, ஈசூனில் திறந்தவெளி மேல்மாடியில் மதியம் முழுக்க நின்றால் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பொழுது சாய்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே தட்டில் பிடித்துக்கொள்ளும். ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், பலன் இல்லை. அந்தக் காலத்து ஹோண்டாக்களை அறிந்த ஒருவர் வந்து, “தம்பி, சாவியை ஆன்ல மட்டும் வை, செல்ஃப் அடிக்காத, பின்னாடி காதைக் குடு” என்றார். சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி பம்ப் ‘உம்ம்’ என்று முனக வேண்டும். முனகவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில், பம்ப்புக்கு மின்சாரம் விடும் மெயின் ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்தால், உள்ளே கம்பிக்கால் ஒன்றைச் சுற்றியுள்ள ஈயத்தில் மயிரிழை வட்டமாக ஒரு விரிசல். வெயிலில் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. புதிதாக ஈயம் வைத்ததோடு சரியாகிவிட்டது. கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று குறித்து வைக்காமல் பாகம் பாகமாக மாற்றுவது காசைக் கரைக்கும் வழி.

டைமிங் பெல்ட்டுக்கும் இதே பொறுமை வேண்டும். மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டுகிறது என்று விடாதீர்கள், ரப்பருக்கு வயதும் உண்டு. இன்டெக்ராவின் பி18சி எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே போய்விடும். எப்போது மாற்றியது என்று தாளில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

துருவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. இங்கே சாலையில் உப்புக் கொட்டுவதில்லை, அதனால் துரு வராது என்பது. துரு கீழிருந்து மட்டுமா வரும்? ரோட்ஸ்டரில் கூரையிலிருந்து வழியும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள துளை வழியாக இறங்கும். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பொடி இலை அந்தத் துளையில் போய் அடைந்துகொள்ளும். தண்ணீர் தேங்கி, கதவுக்குக் கீழே பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகடு உள்ளிருந்தே அரிக்கும். சாயம் கொப்புளிக்கும்போது பார்த்தால் உள்ளே ஏற்கெனவே ஓட்டை. கொஞ்சம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நனைந்த வண்டிக்கு உறை போடாதீர்கள், ஈரம் அதற்குள்ளேயே நிற்கும்.

கழற்றிய ஒரிஜினல் பாகத்தை எறிவதும் தவறுதான். மூன்று வயதைத் தாண்டிய சாதாரண காரை இங்கே இறக்குமதி செய்து பதிய முடியாது, அதனால் நம்மிடம் மிச்சமிருக்கும் வண்டிகள் இங்கே முன்பே பதிவானவைதான். அவற்றுக்குரிய பாகங்கள் குறைந்துகொண்டே போகின்றன. நிசான் 2017-இல் ஆர்32 ஜிடிஆருக்கும், டொயோட்டா 2020-இல் பழைய சுப்ராக்களுக்கும் நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கின. நல்ல செய்தி. ஆனாலும் எல்லா மாடலுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கண்ணாடி ஓர ரப்பர், உள்பக்கக் கிளிப் என்று சின்னச் சாமானைக்கூட பேர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

அப்புறம், ஓட்டுங்கள். நிறுத்தியே வைத்தால் சீல் காயும், பெட்ரோல் கெடும், டயர் ஒருபக்கம் தட்டையாகும். காலை ஆறு மணிக்கு லிம் சூ காங் பக்கம் போய்வாருங்கள், வேக வரம்புக்குள்ளேயே அந்த கியர் போடும் சுகம் கிடைக்கும். மலாக்கா வரை குடும்பத்தோடு போவதென்றால் மலேசியாவுக்குள் வெளிநாட்டு வண்டி நுழைவதற்கான விஇபி அனுமதிப் பதிவை முன்கூட்டியே முடித்து, முக்கால் டேங்க் பெட்ரோலோடு கிளம்புங்கள். அங்கே ரான் 95 ரகப் பெட்ரோல் நமக்குக் கிடையாது, 97 அல்லது அதற்கு மேல்தான். இந்த எஞ்சின்களுக்கும் அதுதான் நல்லது. கிளம்புவதற்கு முன் டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.