நியூ ஜெர்சியில் வீட்டுக்கு கார் சார்ஜர்: மின் நிறுவனம் தரும் பணத்தை விடாமல் வாங்குவது எப்படி?

எலக்ட்ரிக் கார் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பலர் சார்ஜரை ஆன்லைனில் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். எடிசன், பிஸ்கடவே, பிளெயின்ஸ்பரோ பக்கம் புதிதாகக் கார் வாங்கும் நண்பர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள். சார்ஜர் என்கிற அந்தப் பெட்டி ஐந்நூறு டாலர் சமாச்சாரம். பெரிய செலவு அதை மாட்டுவதற்கான வயரிங்கில்தான். மின் நிறுவனம் பணம் தருவதும் அந்த வயரிங்குக்குத்தான். அதை வாங்க அவர்கள் சொல்லும் வகை சார்ஜர், அவர்கள் கேட்கும் காகிதம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

இங்கே நான் எழுதுவது பிஎஸ்இ அண்ட் ஜி நிறுவனத்தின் திட்டத்தைப் பற்றி. நம்மவர்கள் அதிகம் இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் கரண்ட் பில் அவர்களிடமிருந்துதான் வருகிறது. 2021 ஜனவரியில் மாநிலப் பொதுப் பயன்பாட்டு வாரியம் 16.6 கோடி டாலர் மதிப்பில் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 40,000 வீடுகளில் சார்ஜர் போட உதவுவது இலக்கு. உங்கள் பில் ஜேசிபி அண்ட் எல் அல்லது அட்லாண்டிக் சிட்டி எலக்ட்ரிக்கிலிருந்து வந்தால் அவர்களுக்கும் இதே மாதிரி தனித் திட்டங்கள் உண்டு. தொகையும் விதிகளும் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

காரோடு வரும் சாதாரண 120 வோல்ட் கேபிளைச் சுவர் பிளக்கில் செருகினால் ஏறக்குறைய 1.4 கிலோவாட் கிடைக்கும். மணிக்கு 3 முதல் 5 மைல் ஓடும் அளவுக்குச் சார்ஜ் ஏறும். இரவு பத்து மணி நேரம் வண்டி வீட்டில் நிற்கிறது, தினமும் 30 மைலுக்குள்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இதுவே போதும். ஒரு மாதம் இப்படியே ஓட்டிப் பாருங்கள் என்பேன்.

தினசரி 50, 60 மைல் போகிறவர்கள், வீட்டில் இரண்டு எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள், ஜனவரிக் குளிரில் திறந்தவெளி டிரைவ்வேயில் வண்டியை நிறுத்துகிறவர்கள், இவர்களுக்கு 240 வோல்ட்டில் வேகமாக ஏற்றும் லெவல் 2 சார்ஜர் அவசியம். குளிர் காலத்தில் பேட்டரியைச் சூடாக்கவே கொஞ்சம் மின்சாரம் போய்விடும். 120 வோல்ட்டில் ஏறுகிற கொஞ்ச நஞ்சத்தில் அதற்கே ஒரு பங்கு செலவாகிவிடும். 240 வோல்ட் லெவல் 2 சார்ஜர் 32 ஆம்பியரில் 7.7 கிலோவாட் கொடுக்கும். மணிக்குச் சுமார் 25 மைல். இரவில் செருகினால் காலையில் நிறைந்திருக்கும்.

திட்டத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கு முன்னால் மின் நிறுவனத்தின் இணையதளத்தில் எலக்ட்ரிக் வாகனப் பகுதிக்குப் போங்கள். மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்: இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, எந்தெந்தச் சார்ஜர்கள் ஏற்கப்பட்டவை, என்னென்ன காகிதம் கேட்கிறார்கள். இந்தத் திட்டங்களுக்கெல்லாம் ஒதுக்கிய நிதி என்று ஒரு அளவு உண்டு. அதனால் போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வீடுகளுக்கு அவர்கள் அறிவித்தது இது. மீட்டருக்கு உள்ளே, அதாவது உங்கள் வீட்டுப் பக்கம் நடக்கும் வயரிங் செலவுக்கு ஒரு சார்ஜருக்கு 1,500 டாலர் வரை. கம்பத்திலிருந்து மீட்டர் வரையிலான இணைப்பையே பெரிதாக்க வேண்டி வந்தால் அதற்கு 5,000 டாலர் வரை. இரண்டாவது பலருக்குத் தேவைப்படாது. தேவைப்பட்டால் வேலை தொடங்கும் முன் நிறுவனத்தோடு பேசிவிட வேண்டும், ஏனென்றால் கம்பத்துப் பக்கம் உங்கள் எலக்ட்ரீஷியன் கை வைக்க முடியாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வயரிங், கூலி, பெர்மிட் எல்லாம் சேர்த்து எலக்ட்ரீஷியன் 1,900 டாலர் சொல்கிறார், சார்ஜர் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வயரிங்கில் 1,500 திரும்பி வந்தால் உங்கள் கையிலிருந்து போவது 400-ம் சார்ஜர் விலையும். அந்தச் சார்ஜர் விலைக்கும் மாநில அரசு 250 டாலர் வரை தருகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

டவுன்ஹவுஸ், காண்டோவில் இருப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கென்று ஒதுக்கிய பார்க்கிங்கில் சார்ஜர் போடுவதைச் சங்கம் காரணமில்லாமல் தடுக்கக் கூடாது என்று நியூ ஜெர்சியில் 2020-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

பேனலைத் திறந்து பார்ப்பது

இந்தக் கட்டத்துக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பேஸ்மென்ட்டிலோ கராஜிலோ இருக்கும் எலக்ட்ரிக் பேனலின் கதவைத் திறந்தால் மேலே ஒரு பெரிய பிரேக்கர் இருக்கும். அதில் 100, 150 அல்லது 200 என்று எழுதியிருக்கும். அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும் மொத்த ஆம்பியர். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் அனுப்பச் சொல்வார். கதவுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகட்டை மட்டும் கழற்றாதீர்கள், அது அவர் வேலை.

200 ஆம்பியர் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. 100 என்றால் எலக்ட்ரிக் டிரையர், எலக்ட்ரிக் அடுப்பு, சென்ட்ரல் ஏசி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுமைக் கணக்கு போட வேண்டும். "பேனலை 200-க்கு மாற்றினால்தான் முடியும்" என்று எடுத்த எடுப்பில் சொல்கிறவரிடம் அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேனல் மாற்றுவது ஆயிரக்கணக்கான டாலர் வேலை. அது இல்லாமலே இரண்டு வழி உண்டு. ஒன்று, சார்ஜரைக் குறைந்த ஆம்பியரில் அமைத்துக்கொள்வது. 24 ஆம்பியர் கூட இரவு முழுக்கச் செருகினால் தாராளம். இன்னொன்று, வீட்டின் மொத்தச் சுமையைப் பார்த்துச் சார்ஜரைத் தானே குறைத்துக்கொள்ளும் கருவியைச் சேர்ப்பது.

பிரேக்கர் அளவு பற்றி ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். கார் சார்ஜிங் மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமை என்பதால், பிரேக்கர் சார்ஜரின் ஆம்பியரைப் போல 125 சதவீதம் இருக்க வேண்டும். 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 பிரேக்கர், 40-க்கு 50, 48-க்கு 60. இதில் 48 ஆம்பியரில்தான் தவறு நடக்கிறது. வீடுகளுக்குள் சாதாரணமாக இழுக்கும் மஞ்சள், கறுப்பு உறை போட்ட கேபிளில் 6-ஆம் நம்பர் செப்பு 55 ஆம்பியர்தான் தாங்கும் என்பது விதி. 60 பிரேக்கருக்கு அது போதாது. ஒன்று குழாய்க்குள் தனித்தனி 6-ஆம் நம்பர் வயர்களாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் 4-ஆம் நம்பர் கேபிள் வேண்டும் (நம்பர் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்). கொட்டேஷனில் எந்த வயர், எந்த அளவு என்று எழுதச் சொன்னாலே வேலை தெரிந்தவரா இல்லையா என்பது புரிந்துவிடும்.

பிளக் வேண்டுமா, நேரடியாக வயரில் இணைப்பதா? நேரடி இணைப்பு என்பதே என் முடிவு. அடுப்புக்கு என்று செய்த மலிவான 50 ஆம்பியர் அவுட்லெட்டில் தினமும் ஏழெட்டு மணி நேரம் கார் சார்ஜ் போட்டால், உள்ளே இருக்கும் பிடி தளர்ந்து பிளாஸ்டிக் உருகுகிறது. குழந்தைகள் தூங்கும் அறைக்குக் கீழே கராஜ் இருக்கிற வீடுகள் நமக்கு. இதில் 50 டாலர் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எலக்ட்ரீஷியன், பெர்மிட், இன்ஸ்பெக்ஷன்

நியூ ஜெர்சி லைசென்ஸ் உள்ள மூன்று பேரிடமாவது கொட்டேஷன் வாங்குங்கள். நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். பேனலிலிருந்து கார் நிற்கும் இடம் எத்தனை அடி, சுவரைத் துளைக்க வேண்டுமா, டிரைவ்வேக்குக் கீழே தோண்ட வேண்டுமா என்பதைப் பொறுத்து விலை இரண்டு மடங்கு கூட ஆகும்.

கொட்டேஷனிலும் பிறகு பில்லிலும் சார்ஜர் விலை தனியாக, வயரிங் பொருள் தனியாக, கூலி தனியாக, பெர்மிட் கட்டணம் தனியாக இருக்க வேண்டும். "சார்ஜர் பொருத்தியது, 2,400" என்று ஒரே வரியில் எழுதிய பில்லை அனுப்பினால் திட்டத்தில் எதற்குப் பணம் தருவது என்று அவர்களுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

பெர்மிட் இல்லாமல் செய்தால் இருநூறு குறையும் என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பெர்மிட் இல்லை என்றால் திட்டத்துப் பணமும் இல்லை, வீட்டை விற்கும்போதும் டவுன்ஷிப்பில் கேள்வி வரும், தீ விபத்து என்றால் இன்சூரன்ஸிலும் சிக்கல். பெர்மிட்டுக்கு விண்ணப்பம் போடுவது எலக்ட்ரீஷியன் பொறுப்பு. வேலை முடிந்ததும் டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வருவார். பிரேக்கர் அளவு, வயர் தடிமன், சார்ஜரில் அமைத்த ஆம்பியர் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். அதை அங்கேயே படம் எடுத்து வையுங்கள்.

இப்போது பெட்டியை வாங்கலாம்

கொட்டேஷன் முடிவானதும், ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். வைஃபை வழியாக இணையத்தில் சேரும் வகைதான் வேண்டும், ஏனென்றால் எத்தனை மணிக்கு எவ்வளவு யூனிட் ஏறியது என்ற கணக்கு அந்த வழியாகத்தான் போகும். கம்பெனி நிலைக்குமா என்றும் யோசியுங்கள். ஜூஸ்பாக்ஸ் சார்ஜர்களை விற்ற எனல் எக்ஸ் வே 2024 அக்டோபரில் வட அமெரிக்காவை விட்டே போய்விட்டது. சார்ஜர் வேலை செய்தாலும் ஆப்பை நம்பி இருந்தவர்கள் திண்டாடினார்கள்.

கேபிள் நீளம் 18 முதல் 25 அடி வரை வரும். உங்கள் காரில் சார்ஜிங் மூடி எந்தப் பக்கம் என்று பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். டெஸ்லாவுக்குப் பின்பக்கம் இடது, ஹூண்டாய் ஐயோனிக் 5-க்குப் பின்பக்கம் வலது, செவ்ரோலே போல்ட்டுக்கு முன்பக்கம் இடது. அடுத்து வாங்கப்போகும் காருக்கும் எட்டுகிற மாதிரி கராஜ் கதவுக்கு அருகில் மாட்டுவது நல்லது. மாட்டப்போகும் இடத்தில் போனை வைத்து வைஃபை எடுக்கிறதா என்றும் சோதியுங்கள். பல சார்ஜர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும்.

விண்ணப்பமும் மற்ற பணங்களும்

பிரித்து எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, பெர்மிட், பச்சை ஸ்டிக்கர் படம், சார்ஜரின் சீரியல் நம்பர், கார் பதிவு அட்டை, சமீபத்திய கரண்ட் பில். இத்தனையும் ஒரு போல்டரில் இருந்தால் விண்ணப்பம் அரை மணி நேர வேலை. கரண்ட் பில்லில் இருக்கும் பெயரும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பில் மனைவி பேரில், கார் கணவர் பேரில் என்பது நம் வீடுகளில் சகஜம், அப்படியிருந்தால் பில் யார் பேரில் இருக்கிறதோ அவரே விண்ணப்பிப்பது சுலபம்.

மாநில அரசின் சார்ஜ் அப் நியூ ஜெர்சி திட்டம் தனி. அதில் சார்ஜர் விலைக்கு 250 டாலர் வரை கிடைக்கும். அதற்கும் தனிப் பட்டியல், தனி விண்ணப்பம் உண்டு. நிதியாண்டு ஜூலையில் தொடங்கும், பணம் தீர்ந்தால் மூடிவிடுவார்கள்.

மத்திய அரசின் வருமான வரிச் சலுகையில் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர். ஆனால் குறைந்த வருமானப் பகுதி அல்லது நகரமல்லாத பகுதி என்று வகுத்த இடங்களில் உள்ள வீடுகளுக்கு மட்டும்தான், அதுவும் 2026 ஜூன் 30-க்குள் பொருத்திப் பயன்பாட்டுக்கு வந்திருந்தால்தான். உங்கள் முகவரி வருகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, படிவம் 8911 பற்றி வரி பார்ப்பவரிடம் பேசுங்கள். மின் நிறுவனம் திருப்பிக் கொடுத்த தொகையையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

இரவு நேரக் கிரெடிட்

இது பலர் விட்டுவிடும் பணம். வயரிங் தொகை ஒரு தடவை வருவது, இது மாதாமாதம் வருவது. வார நாட்களில் இரவு 9 முதல் காலை 7 வரை, சனி ஞாயிறு முழு நாளும் போடும் சார்ஜுக்கு பிஎஸ்இ அண்ட் ஜி யூனிட் கணக்கில் பில்லில் கிரெடிட் கொடுக்கிறது. அதற்குச் சார்ஜரின் தரவைப் பகிர ஒப்புதல் கொடுத்துத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

நேரத்தை காரில் அமைப்பதா, சார்ஜர் ஆப்பில் அமைப்பதா? ஏதாவது ஒன்றில் மட்டும் அமையுங்கள். இரண்டிலும் வைத்தால் ஒன்று திறக்கும் நேரம் இன்னொன்று மூடியிருக்கும், காலையில் வண்டி ஏறாமல் நிற்கும். குளிர்காலத்தில் காரிலேயே கிளம்பும் நேரத்தை வைத்தால் பேட்டரியும் உள்ளறையும் சுவர் மின்சாரத்தில் சூடாகிவிடும் என்பதால் நான் காரில் வைப்பதையே விரும்புகிறேன்.

கராஜில் வைஃபை அறுந்தால் அந்த இரவின் கணக்கு போய்ச் சேராமல் போகலாம். முதல் இரண்டு பில்களில் கிரெடிட் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆப்பில் அந்த மாதத்துச் சார்ஜிங் பட்டியலை இறக்கி, சீரியல் நம்பரோடு வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புங்கள். ரூட்டரை மாற்றிய பிறகும், வைஃபை பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் சார்ஜரை மறுபடி இணைக்க மறக்காதீர்கள்.