'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில் தமிழ் என்றே எழுதுங்கள்

கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் புதிதாக வந்து பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா? சேர்க்கை பெரிய வேலை இல்லை. பாஸ்போர்ட், பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) தாள், தடுப்பூசி அட்டை, முகவரிக்கு வாடகை ஒப்பந்தம். நன்கொடை, சிபாரிசு, நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. இந்த ஒன்டாரியோ மாகாணத்தில், பிள்ளை பிறந்த வருடத்தைப் பார்த்து வகுப்பு போட்டுவிடுவார்கள்.

நான் மாட்டிக்கொண்டது படிவத்தில். குழந்தையின் முதல் மொழி எது, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டிருந்தார்கள். இரண்டிலும் இங்கிலீஷ் என்று எழுதினேன். ஊரில் மெட்ரிக் பள்ளி இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் என்றால் ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுவார்கள் என்று கூட வேலை பார்ப்பவர் வேறு பயமுறுத்தியிருந்தார்.

பள்ளி நான் எழுதியதை அப்படியே நம்பியது. புது மொழிக்கு வரும் பிள்ளை சில மாதம் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது சகஜம், ஆசிரியர்களுக்கும் அது தெரியும். ஆனால் வீட்டிலேயே இங்கிலீஷ் பேசும் பிள்ளை ஏன் பேசவில்லை? நவம்பர் சந்திப்பில், "காது பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டார் மூன்றாம் வகுப்பு டீச்சர். முன்னேற்ற அறிக்கையில் 'இனிஷியேட்டிவ்', அதாவது தானாக முன்வருதல் என்பதற்கு நேரே 'என்' (N) என்ற எழுத்து. முன்னேற வேண்டும் என்று அர்த்தம். நானோ அதுவரை, மகள் வகுப்பில் சத்தமே போடுவதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

அந்த நாட்களில் சாம்பார் சாதம் தெர்மாஸில் அப்படியே திரும்பி வரும். பிடிக்கவில்லை போல என்று நூடுல்ஸ் வைத்தோம். அதுவும் திரும்பி வந்தது. விஷயம் என்னவென்றால், சூடாக அடைத்தது ஆறும்போது மூடி இறுகிவிடுகிறது. திறந்து தரச் சொல்லிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எத்தனை நாள் பட்டினி கிடந்தாளோ.

டீச்சரைச் சந்தித்த மறுநாளே பள்ளி அலுவலகத்தில் படிவத்தைத் திருத்தச் சொன்னேன். முகம் சுளிக்காமல் திருத்தினார்கள். இ.எஸ்.எல்., அதாவது இங்கிலீஷ் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் பாடம், தண்டனை இல்லை. அதே வகுப்புதான், வாரத்தில் சில பீரியட் தனி ஆசிரியர் உதவுவார். புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவ, பள்ளிகளுக்கு வந்துபோகும் செட்டில்மென்ட் வொர்க்கர் இருக்கிறாரா என்று கேளுங்கள், இந்தப் பக்கம் தமிழ் பேசுபவரே கிடைக்கலாம். காசு கிடையாது. டீச்சர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டீச்சரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள், நாளைய கேள்வியை இன்றே சொல்லி அனுப்புங்கள். அதை வீட்டில் முதலில் தமிழில் பேசுவோம், பிறகு இங்கிலீஷில். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையிடம் மட்டும் சொன்னால் போதும். நடுவில் ஒரு மாதம் 'வீட்டில் இங்கிலீஷ் மட்டும்' என்று சட்டம் போட்டுப் பார்த்தேன். வீட்டிலும் ஊமையானாள். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

பிப்ரவரியில் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். என் அம்மா திருநெல்வேலியிலிருந்து கொடுத்தனுப்பிய பல்லாங்குழியை மகள் எடுத்துப் போனாள். முதலில் கையால் காட்டித்தான் ஆட்டம் சொல்லிக் கொடுத்தாளாம். எதிரே இருந்த பையன் ஒரு குழியைத் தாண்டிப் போட்டதும், "நோ! சீட்டிங்!" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கக் கத்தியிருக்கிறாள். டீச்சர் போன் செய்தே சொன்னார். புளியங்கொட்டையில் மட்டும் நாலு குறைந்து வந்தது.