ப்ளைவுட் இறக்குமதியை ஒப்பிடுகிறீர்களா? நான் விழுந்த பள்ளம் இது

போன வாரம் திருவாரூரிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். இந்தியா, இலங்கை இரண்டின் ப்ளைவுட் இறக்குமதியையும் வருட வாரியாக ஒப்பிட்டு வரைபடம் போட்டிருந்தாள். 2017-இல் இந்தியாவின் கோடு சரேலென்று விழுந்து தரையோடு படுத்துக் கிடந்தது. பார்த்ததும் எனக்குக் கும்பகோணத்து மரவாடி ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கூட்டல் பிழையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

எண் மறைந்தால் சரக்கும் மறைந்தது என்று நினைப்பது

உலக வர்த்தகக் கணக்கில் சரக்குகளை வகைப்படுத்தும் எண்ணுக்கு எச்.எஸ். எண் என்று பெயர். ப்ளைவுட்டுக்கு அது 4412. அதற்குள் ஆறு இலக்கப் பிரிவுகள் உண்டு. அவற்றைச் சில வருடங்களுக்கு ஒருமுறை திருத்துவார்கள்: 2007, 2012, 2017, 2022 என்று. 2017 திருத்தத்தில் 441232 என்ற எண்ணை எடுத்துவிட்டு, 441233, 441234 என்று இரண்டாகப் பிரித்தார்கள். வெளித்தாள், அதாவது பலகையின் மேலடுக்கு, தைலமரம், பாப்ளர் போன்று பட்டியலில் பெயர் உள்ள மரமாக இருந்தால் 33-இல் போகும். பழைய எண்ணில் இருந்த மற்றவை 34-இல்.

இது தெரியாமல்தான் மாட்டினேன். தூத்துக்குடிக்கு வரும் கன்டெய்னரில் பங்கு போடலாமா என்று அந்த மரவாடிக்காரர் கேட்டார். நான் 441232-ஐ மட்டும் எடுத்துப் பார்த்தேன். இந்தியா புது எண்களுக்கு மாறியது 2017 ஜனவரி 1-இல். அதனால் 2016-17 நிதியாண்டில் ஒன்பது மாதம் பழைய எண், மூன்று மாதம் புது எண். முதலில் ஒரு சரிவு, அடுத்த வருடம் பூஜ்யம். படிப்படியாக விழுந்ததால் அப்படியே நம்பிவிட்டேன். 2016 நவம்பர் பணமதிப்பிழப்புதான் காரணம் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் வேறு! அவர் பங்கு போடவில்லை. சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் இறக்கி விற்றார். இன்றைக்கும் கடைப் பக்கம் போனால், "வாங்க பூஜ்யம் சார்" என்பார்.

கல்லணைக்குக் கீழே காவிரி என்று பெயர் உள்ள கிளையை மட்டும் அளந்துவிட்டு, தண்ணீர் குறைந்துபோச்சு என்று சொல்வதற்குச் சமம் இது. வெண்ணாறும் புது ஆறும் என்ன ஆயிற்று?

நாலு இலக்க 4412-ஐ எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. உட்பிரிவுதான் வேண்டுமென்றால், திருத்தத்துக்கு முன் 32, பின் 33-உம் 34-உம் சேர்த்து. 2022-இல் இதே கதை பிளாக்போர்டுக்கும் (கரும்பலகை இல்லை, நடுவில் மரக்கட்டைகள் வைத்து ஒட்டிய பலகை) நடந்தது: 441294 போய் 51, 52, 59 வந்தன. எல்லா நாடும் ஒரே நாளில் மாறுவதும் இல்லை. ஒரு நாட்டின் பள்ளம் ஒரு வருடம், இன்னொன்றின் பள்ளம் அடுத்த வருடம் என்று விழும். உடனே அதற்கு ஒரு கொள்கைக் காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள், எரிச்சலாக வருகிறது.

எம்.டி.எஃப்-ஐ (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சேர்ப்பது

அது வேறு எண், 4411. வேண்டாம்.

உள்ளூர் ரூபாயில் வரைவது

2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்தில் 350-ஐத் தாண்டிவிட்டது. அதே பலகைக்கு ரூபாய்க் கணக்கில் மட்டும் ஏற்றம். டாலரில் போடுங்கள், கனமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நிதியாண்டு

நமக்கு ஏப்ரல்–மார்ச், இலங்கைக்கு ஜனவரி–டிசம்பர். குறுவைக் கணக்கையும் சம்பாக் கணக்கையும் ஒரே வரிசையில் எழுதாதீர்கள். மாதக் கணக்கை எடுத்து நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.