கோச்சி வராத 24 வருடம்: வடக்குக்கு ரயிலில் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிற எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் அங்கேயே வான் பிடித்து, இரவோடிரவாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியால் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். பெட்டிகள் அதிகம், பிள்ளைகள் களைத்திருப்பார்கள், எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒரு தடவையாவது, போகும்போது முடியாவிட்டால் திரும்பும்போதாவது, பகல் கோச்சியில் பயணம் செய்யுங்கள். இன்னொன்றும் கேட்பேன். ஒரே மூச்சில் யாழ்ப்பாணம் போகாமல் நடுவில் ஒரு சின்ன ஸ்டேசனிலாவது இறங்குங்கள். 24 வருடம் ரயில் வராமல் கிடந்த ஊர் எப்படி மாறிப்போகும் என்பது வான் கண்ணாடிக்கூடாகத் தெரியாது. இறங்கி நடந்தால்தான் தெரியும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. வடக்கில் முதல் கோச்சி ஓடியது 1902-இல், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில். அப்போது அது கொழும்போடு தொடர்பில்லாத தனிப் பாதை. தெற்கிலிருந்து வந்த பாதையோடு சேர்ந்து, கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியது 1905 ஆகஸ்ட் 1-இல். 1956 ஏப்ரலில் யாழ்தேவி கடுகதி ரயில் வந்தது. அதற்குப் பிறகு காலையில் கொழும்பில் ஏறினவர் அன்றைக்கே வீட்டில் இருந்தார். கொழும்பில் அரசாங்க உத்தியோகம், வீடு யாழ்ப்பாணத்தில் என்று ஒரு தலைமுறையே வாழ முடிந்ததற்கு இந்தப் பாதைதான் காரணம். கொழும்பில் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த சம்மரி வீட்டில் இருப்பார்கள், விடுமுறை வந்தால் மெயில் கோச்சியில் ஊருக்கு வருவார்கள். உங்கள் அப்பப்பாவோ அம்மப்பாவோ அப்படி இருந்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். வடக்கின் புகையிலையும் சுருட்டும் வெங்காயமும் தெற்குக்குப் போனதும், காங்கேசன்துறைச் சீமெந்து நாடெங்கும் போனதும் இதே தண்டவாளத்தில்தான்.

பிறகு யுத்தம். 1985 ஜனவரி 19-இல் முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. படையினரோடு பொதுமக்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கோச்சி விட்டு விட்டு ஓடியது. 1990 ஜூன் 13-க்குப் பிறகு வவுனியாவுக்கு வடக்கே எதுவும் ஓடவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழற்றப்பட்டு இரண்டு பக்கத்துப் பங்கர்களுக்கும் போயின. பாதை இருந்த இடத்தில் கல்லும் மண்ணும் கொண்ட ஒரு மேடு மட்டும் மிஞ்சியது. அதிலும் பற்றை வளர்ந்தது.

அந்த வருடங்களில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் இன்றைக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்களோடு இருக்கிறார்கள். கொழும்புக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்த சனம், பரந்தனுக்குப் போகவே உயிரைக் கையில் பிடிக்க வேண்டி வந்தது. ஏ9 2002-இல் திறந்தது, 2006-இல் மறுபடி பூட்டியது, 2009-இல் திரும்பத் திறந்தது. ரயில் பாதை துண்டு துண்டாகத்தான் வந்தது. 2011-இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13-இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2-இல் காங்கேசன்துறை. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றர். இந்தியக் கடனுதவியில் இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்டுக் கொடுத்த பாதை இது.

இறங்கினால் எதைப் பார்ப்பது

கொடிகாமத்தில் இறங்குங்கள் என்பேன். வடமராட்சி ஆட்களுக்குக் கோச்சி ஏறுமிடம் அதுதான். பருத்தித்துறை வீதி அங்கிருந்துதான் பிரிகிறது. என் அம்மாவும் அவரின் அண்ணன்மாரும் கொழும்புக்குப் போனதெல்லாம் கொடிகாமத்தில் ஏறித்தான். அந்தக் காலத்தில் ஒரு ஸ்டேசனைச் சுற்றி ஒரு சின்ன உலகமே இருக்கும். ரயில் வரும் நேரத்துக்குத் திறக்கிற தேத்தண்ணிக் கடை, பெட்டி தூக்குகிறவர், கார்க்காரர், பார்சல் கட்டுகிறவர், சைக்கிள் பாதுகாக்கிற வீட்டுக்காரர். ரயில் சேவை நின்றுபோனதும் முதலில் போனது இந்தப் பிழைப்புகள். சந்தையும் கடைத்தெருவும் பஸ் நிற்கிற பக்கம் நகர்ந்தன. ஸ்டேசனுக்குப் போகிற ஒழுங்கை வெறும் ஒழுங்கையாகிவிட்டது.

கோச்சி திரும்ப வந்தபோது ஊர் அதற்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகியிருந்தது. இதை நீங்கள் பல இடங்களில் கண்ணால் பார்க்கலாம். ஸ்டேசன் கட்டடம் புதிது, வர்ணம் பளிச்சென்று இருக்கும். ரயில் வந்து போகிற பத்து நிமிடம் தவிர மிச்ச நேரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கடைகளெல்லாம் ஏ9 கரையில், வீதியைப் பார்த்தபடி. தண்டவாளம் போட்டால் ஊர் பழையபடி எழும்பிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. ஒரு ஊர் ரயிலோடு வாழ ஒரு தலைமுறை எடுக்கும், அதை மறக்கவும் ஒரு தலைமுறை எடுக்கும். இப்போது திரும்பப் பழகிக்கொண்டிருக்கிற தலைமுறையைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

அப்புறம், பழைய தண்டவாளத்தைத் தேடுங்கள். பாதையில் இருக்காது, ஊருக்குள் இருக்கும். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்குவது முழங்கை நீளத் தண்டவாளத் துண்டு. வேப்பங்கிளையில் கம்பியால் கட்டி, பக்கத்தில் அடிப்பதற்கு ஒரு பெரிய போல்ட் வைத்திருந்தார்கள். காவலாளி எனக்காக ஒருதரம் தட்டிக் காட்டினார். சத்தம் நின்ற பிறகும் இரும்பு கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அடிபட்ட இடம் மட்டும் வெள்ளியாக மினுங்கியது, மிச்சமெல்லாம் துரு. இப்படி ஒரு துண்டு அகப்பட்டால் பக்கவாட்டைக் கையால் தடவிப் பாருங்கள். தண்டவாளத்தை உருட்டும்போதே செய்த ஆலையின் பெயரையும் வருடத்தையும் புடைப்பெழுத்தாக அதில் பதிப்பார்கள். துருவுக்கு அடியில் அந்த எழுத்து விரலுக்குத் தட்டுப்படும். கிணற்றில் கப்பி தொங்குகிற குறுக்குச் சட்டமாகவும், மாட்டுக் கொட்டிலின் தூணாகவும் தண்டவாளத்தைக் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரை போவதையும் தவறவிடாதீர்கள். கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊர்ப் பெயர்களே ஒரு பாட்டுப் போல வரும். தெல்லிப்பழைக்குப் பிறகு கண்ணை எடுக்காமல் பாருங்கள். வலிகாமம் வடக்குச் சனம் 1990-இல் எழும்பிப் போன இடம் அது. பிறகு படையினரின் உயர் பாதுகாப்பு வலயம். காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடப்பட்டன, எல்லாம் இன்னும் விடுபடவில்லை. கூரை இல்லாத வீட்டுக்குள் மரம் வளர்ந்திருப்பதும், அதற்கு அடுத்த காணியில் புது வீடு எழும்புவதும் ஒரே யன்னலில் வந்து போகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990-இல் நின்றது. அதை நம்பியிருந்த கடைகளும் குடும்பங்களும் கோச்சியையும் ஆலையையும் ஒரே நேரத்தில் இழந்தன. வடக்குப் பாதையில் ஆக அதிகம் இழந்த ஊர் இதுதான் என்பது என் எண்ணம்.

மன்னார்ப் பக்கம்

நேரம் இருந்தால் மதவாச்சியில் பிரிகிற தலைமன்னார்ப் பாதையிலும் போங்கள். செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார், பேசாலை, கடைசியில் தலைமன்னார் இறங்குதுறை. மதவாச்சியிலிருந்து 106 கிலோமீற்றர். இதுவும் 1990-இல் நின்று, 2013 மே மாதம் மடு றோட் வரையும், 2015 மார்ச் 14-இல் இறங்குதுறை வரையும் திரும்ப வந்தது. ஆனால் இந்தப் பாதையின் இழப்பு வேறு மாதிரி. 1914-இல் இதைப் போட்டதே கடலுக்கு அப்பால் போவதற்காக. மதராசில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் திரும்ப ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். அந்தப் பயணத்துக்குப் போட் மெயில் என்று பெயர். கப்பல் எண்பதுகளில் நின்றது. ரயில் திரும்ப வந்தும் கப்பல் வரவில்லை. அதனால் தலைமன்னார் ஒரு நாட்டின் வாசலாக இருந்து, பாதை முடிகிற மூலையாகிவிட்டது. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பழைய துறையின் இரும்புகளைப் பாருங்கள். பக்கத்தில் வெளிச்சவீடு இருக்கிறது.

மலையகத்துப் பிள்ளைகள் இந்தப் பாதையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தோட்டங்களுக்கு வந்தவர்களில் ஏராளமானோர் இந்த வழியால்தான் வந்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் இந்த வழியால்தான் போனார்கள். அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். பாதி உறவு பெட்டிக்குள்ளும் பாதி உறவு பிளாட்போமிலும் நின்று அழுத காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தோட்டங்களிலும் தமிழ்நாட்டிலும். அந்தப் பயணத்தின் கடைசி ஸ்டேசன் தலைமன்னார்.

இந்தியாவுக்கும் போகிறவர்கள் மறுகரையைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அங்கே தண்டவாளம் போடவே இல்லை. 2019-இல் புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், இன்னும் ரயில் போகவில்லை. இராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இப்போது நல்ல வீதி இருக்கிறது. ஸ்டேசனின் இடிந்த சுவர்களும் தேவாலயமும் மணலில் நிற்கின்றன. வெயில் ஏற முன் போங்கள், இருட்ட முன் திரும்பிவிடுங்கள். தலைமன்னாரை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் மனதில் இன்னும் ஆழமாகப் பதியும்.

டிக்கெட், காணி, கால் வைக்கும் இடம்

இலங்கை ரயில்வேயின் இணையத்தளத்தில் 30 நாளுக்கு முன்பிருந்தே ஆசனம் பதியலாம். நல்லூர்த் திருவிழா, மடுத் திருவிழா, பள்ளி விடுமுறைக் காலங்களில் திறந்த உடனேயே முடிந்துவிடும், அதனால் நாளைக் குறித்து வைத்திருங்கள். பதிவில் கொடுத்த கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். நடுவில் இறங்குவதானால் அந்த ஸ்டேசனில் உங்கள் ரயில் நிற்குமா என்று முதலே பாருங்கள், கடுகதி எல்லா இடத்திலும் நிற்காது. இறங்கியதும் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று ஸ்டேசன் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதை திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் சேவை நிற்பதும் உண்டு. 2023-இல் அனுராதபுரத்துக்கு வடக்கே அப்படித்தான் நடந்தது. ஆகவே பயணத்துக்கு முந்தின வாரம் ஒருதரம் சரிபாருங்கள்.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலை பல வருடமாக நடக்கிறது. சிவப்பு அடையாளமோ மண்டையோட்டுப் பலகையோ கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடி கூட வைக்க வேண்டாம், படத்துக்காகவும் வேண்டாம். படை முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். தண்டவாளத்தில் நடக்காதீர்கள். ரயில் கடவைகளில் பல காவலில்லாதவை, ஓட்டோவில் போகும்போது சாரதியை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

காணி விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். கோச்சி ஓடாத வருடங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ரயில்வே காணியில் வீடு போட்டு இருந்தன. பாதை திரும்ப வந்தபோது அவர்கள் எழும்ப வேண்டி வந்தது. உங்கள் சொந்தக்காரரிலும் அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். கோச்சி வந்தது நல்லது என்று அவர்கள் முன்னால் சொல்வதற்கு முதல் அவர்கள் கதையைக் கேளுங்கள். உங்கள் பரம்பரைக் காணி பாதைக் கரையில் இருந்தால், பழைய காணி உறுதியைப் பார்த்து வேலி போட்டுவிடாதீர்கள். ரயில்வேயின் எல்லை எங்கே வருகிறது என்று அங்கீகாரம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். அதற்கு இரண்டு கிழமை விடுமுறை போதாது, வெளிக்கிட முன்பே ஊரில் யாரிடமாவது சொல்லித் தொடங்கிவையுங்கள்.

முடியுமானால் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யன்னல் ஆசனத்தை அவருக்குக் கொடுங்கள். போன முறை அம்மாவோடு போனேன். ஆனையிறவில் உப்பளம் தெரிந்ததும், முந்தி இந்த இடத்தில்தான் எல்லோரும் பெட்டி இறக்கத் தொடங்குவோம் என்று சொல்லி எழும்பி நின்றுவிட்டார். கொடிகாமம் வர இன்னும் நேரம் இருந்தது. அவர் திரும்ப உட்காரவில்லை. மேல்தட்டில் கையை வைத்தபடி அப்படியே நின்று வந்தார்.