கோவையிலிருந்து சிங்கப்பூர்: வான்தொலைவையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

சிங்கப்பூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் புறப்படும் முன், பயணச்சீட்டை வாங்கிப் பார்த்த என் அமுச்சி, "ஏங் கண்ணு, போறதுக்கு ஆறே முக்கா மணி நேரம், வர்றதுக்கு ஒன்னே முக்கா மணி நேரந்தானா?" என்று கேட்டார். கோவையில் இரவு 8.30க்குப் புறப்பட்டு அங்கே அதிகாலை 3.15க்கு இறங்குவதாகவும், திரும்பும்போது மாலை 5.30க்குப் புறப்பட்டு இரவு 7.15க்கு இறங்குவதாகவும் சீட்டில் இருந்தது. முதன்முறை பறப்பவர்கள் பலரும் குழம்பும் இடம் இதுதான் என்பதால், இங்கிருந்தே தொடங்குவோம்.

சீட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊரின் கடிகார நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே கிழக்கே போகும்போது இந்த இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும். மேற்கே திரும்பும்போது கூட்ட வேண்டும். இரண்டுக்கும் விடை 4 மணி 15 நிமிடமே. விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் அமுச்சி சீட்டைச் சுருக்குப்பைக்குள் வைத்தார்.

அடுத்தது தொலைவு. கூகுள் மேப்பில் பீளமேடு விமான நிலையத்தின்மீது விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தோன்றும்: ஏறத்தாழ வடக்கு 11, கிழக்கு 77. சாங்கி விமான நிலையத்துக்கு வடக்கு 1.4, கிழக்கு 104. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று கொண்டால், வடக்கு தெற்காக 9.6 பாகைக்கு 1066 கி.மீ. வருகிறது. கிழக்கு மேற்காக 27 பாகைக்கு 2997 கி.மீ.; நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், அதைச் சற்றுக் குறைத்து 2980 என்று கொள்ளலாம். இவ்விரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3165 கி.மீ. கிடைக்கும். டோக்கியோ போல வடக்கே வெகுவாகத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி பிழைபடும். அவற்றுக்குப் பூமியின் உருண்டை வடிவத்தைக் கணக்கில் கொள்ளும் ஹேவர்சைன் சூத்திரமே தேவை.

இனி நேரம். மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்தால் 3 மணி 43 நிமிடம். ஓடுதளத்தில் ஊர்வதற்கும் மேலேறி இறங்குவதற்கும் அரை மணி சேர்த்தால் 4 மணி 13 நிமிடம் ஆகிறது, சீட்டோடு பொருந்திவிட்டது.

காற்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்றில் வளர்ந்த நாம், அது விமானத்தையும் சிங்கப்பூர்ப் பக்கம் தள்ளும் என்றே எண்ணுவோம். ஆனால் விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அந்தப் பருவத்தில் வீசுவது கிழக்கிலிருந்து வரும் கொண்டல். அதனால் அப்போது போகும் பயணம் சில நிமிடம் நீளும். திரும்பும் பயணம் சுருங்கும்.

சென்னை வழியாகச் சென்றால் தொலைவு சுமார் 170 கி.மீ.தான் கூடுகிறது, பறக்கும் கணக்கில் அது 12 நிமிடம். நேரத்தை விழுங்குவது காத்திருப்புதான். எனவே இணைப்பு விமானத்தில் செல்பவர்கள், சென்னையில் காத்திருக்கும் நேரத்தையும் இன்னொரு முறை ஏறி இறங்குவதற்கான அரை மணியையும் சேர்த்துக் கூட்டிய பிறகே, அழைத்துச் செல்ல வருபவர்களுக்கு நேரம் சொல்ல வேண்டும்.