வாவியில் மெதேன் அளப்போர் விடும் பிழைகள்

மட்டக்களப்பு வாவியில் ஒட்சிசன் வற்றிய நீரில் மெதேன் அளக்க வரும் புதியவர்கள், பழையவர்கள் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். போத்தலில் பெயர் எழுத மறப்பது போன்றவை இரண்டாம் நாளே திருந்திவிடும். திருந்தாதவை இவை.

தினமும் காலை 9 மணிக்கு

பார்வைக்கு ஒழுங்கான வேலை, கேடே அதுதான். வற்றுப்பெருக்கு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். முதல் நாள் 9 மணிக்குப் பெருக்கு என்றால் எட்டாம் நாள் அதே 9 மணிக்கு வற்று. பெருக்கில் கடல்நீர் புகுந்து மெதேனை ஐதாக்கும். வற்றில் உள்வாவியின் உப்புக் குறைந்த நீர் வரும். அங்கே சல்பேற்று குறைவு, ஆகவே சல்பேற்றைப் பயன்படுத்தும் நுண்ணுயிரிடமிருந்து மெதேன் ஆக்கும் நுண்ணுயிருக்குப் போட்டியும் குறைவு. சேற்றின் மேல் அழுத்தம் இறங்க, அடைபட்ட வாயுவும் கசியும். ஆக, வரைபு ஒரு வாரம் ஏறும், மறுவாரம் இறங்கும். உடனே "நகரக் கழிவுநீரால் கூடுகிறது" என்று அறிக்கை எழுதியாகிவிடும். 14 நாள் தோணிக்கூலி கொடுத்து அளந்தது நிலவை!

9 மணிக்குப் பாசிகள் ஒட்சிசன் விடத் தொடங்கியும் விடும். ஒட்சிசன் ஆகக் குறைவது விடியுமுன். மெதேனைத் தின்னும் பற்றீரியாக்களுக்கு அப்போது ஒட்சிசன் போதாது, காற்றும் அடங்கியிருக்கும், மெதேன் தேங்கும். பின்னேரக் கடற்காற்று நீரைக் கலக்கி அதை வெளியேற்றும்.

ஒரே இடத்தில் 25 மணி நேரம் நில்லுங்கள். மணிக்கொருமுறை, ஆள் போதாவிட்டால் இரண்டு மணிக்கொருமுறை, 13 தடவை. மேல்நீர் ஒன்று, அடியிலிருந்து 20 சென்றிமீற்றர் உயரத்தில் ஒன்று. கூடவே ஒட்சிசன், உவர்த்தன்மை, வெப்பநிலை, காற்று, நீர்மட்டம். கடலுக்கான வற்றுப்பெருக்கு அட்டவணை வாவிக்குள் பொருந்தாது. பெருக்கு பிந்தும், உயரமும் சுருங்கும். அளவு குறித்த கம்பை நட்டுப் பாருங்கள். அமாவாசை அல்லது பறுவத்தை ஒட்டி ஒருமுறை, அட்டமியை ஒட்டி இன்னொருமுறை. முகத்துவாரம் மணலால் அடைபட்ட காலத்து அளவீட்டை இவற்றோடு சேர்க்க வேண்டாம்.

கம்பு ஊன்றிய இடத்தில் நீர் எடுத்தல்

தோணிக் கம்பு சேற்றில் இறங்கினால் பொலபொலவென்று குமிழி எழும். நங்கூரமிட்டு 15 நிமிடம் பொறுத்து, நீரோட்டம் வரும் பக்கத்தில் எடுங்கள்.

வாளி

வேண்டாம்.

போத்தலில் பொட்டுக் காற்று

குழாய் போத்தலின் அடியைத் தொடவேண்டும். மூன்று போத்தல் அளவு நீர் வழிந்தபின், 60 மில்லிலீற்றருக்கு 100 மைக்றோலீற்றர் நிரம்பிய இரசக் குளோரைட்டுக் கரைசல் இட்டு, குமிழி இல்லாமல் மூடுங்கள். கரைசல் இடாவிட்டால் பெட்டிக்குள்ளும் பற்றீரியா மெதேனைத் தின்றுகொண்டிருக்கும். மூடி பியூட்டைல் இறப்பராக இருக்கட்டும். சிலிக்கன் மெதேனைக் கசியவிடும். இரசக் குளோரைட்டு கொடிய நஞ்சு: கையுறை அணியுங்கள், கழிவைத் தனிப் போத்தலில் சேருங்கள். இறால் பிடிக்கும் வாவி இது.

ஒட்சிசன் மானியில் உவர்த்தன்மை பூச்சியம்

30 பாகையில் நன்னீர் கொள்ளும் ஒட்சிசன் லீற்றருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம், கடல்நீர் கொள்வது சுமார் 6.2. உவர்த்தன்மையைக் கொடுக்காவிட்டால், உண்மையில் 1.8 உள்ள கடல்நீரை மானி 2.2 என்று காட்டும். ஒட்சிசன் வறட்சிக்கு எல்லை 2 என்பதால், அந்த இரவு உங்கள் பட்டியலிலேயே வராது.