க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோனை முதல் முறை கேட்கும்போது: எதை, எந்த வரிசையில் சோதிப்பது

விலை உயர்ந்த க்ளோஸ்டு பேக் (கப்பின் வெளிப்பக்கம் மூடியிருக்கும் வகை) ஹெட்ஃபோனைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிடித்த பாட்டைப் போட்டு, "பேஸ் இல்லை", "குரல் அடைத்த மாதிரி இருக்கிறது" என்று தீர்ப்பு எழுதுபவர்கள் அதிகம். அந்தத் தீர்ப்பில் பாதி ஹெட்ஃபோனைப் பற்றியதே அல்ல. பேட், அதாவது கப்பின் விளிம்பிலுள்ள மெத்தை, காதைச் சுற்றி எப்படி உட்கார்ந்திருக்கிறது, வால்யூம் எவ்வளவு என்ற இரண்டும்தான் அங்கே பேசுகின்றன. இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள்.

படி 1: போனின் ஒலி அமைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள்

ஈக்யூ (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி), ஸ்பேஷியல் ஆடியோ, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை மட்டும் விட்டுவையுங்கள். பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்கினால் எதையும் ஒப்பிட முடியாது.

படி 2: காற்று கசிகிறதா?

இதில் அவசரப்பட வேண்டாம். மூடிய கப்பில் ஆழமான பேஸ் வர, பேடுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருக்கக்கூடாது. கண்ணாடியின் காம்பு, பேடுக்கு அடியில் சிக்கிய முடி, தளர்ந்த ஹெட்பேண்ட் என எது சிறு வழி விட்டாலும் முதலில் போவது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிதான்.

டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 40 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான வால்யூமில் ஓடவிடுங்கள். இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். சத்தம் சட்டென்று பெருகினால் கசிவு உண்டு. மாறவில்லை என்றால் பேட் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. முடியை ஒதுக்கி, ஹெட்பேண்டை ஒரு படி இறக்கி, கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் மறுபடி பாருங்கள். காதுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை விழும். கண்ணாடி இல்லாமல் வாழ முடியாதவர் கண்ணாடியோடுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்!

படி 3: இடமும் வலமும்

ஒரே குரல் மட்டும் உள்ள மோனோ பதிவு (இரு பக்கமும் ஒரே ஒலி வருவது) நெற்றிக்கு நேர் நடுவில் கேட்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டுங்கள். சாய்வும் வலப்பக்கம் மாறினால் கோளாறு ஹெட்ஃபோனிலோ கேபிளிலோ பாட்டு ஓடும் கருவியிலோ இருக்கிறது. இடப்பக்கமே நின்றால் அது உங்கள் காது. கடைக்காரரைத் திட்ட வேண்டாம்.

படி 4: ஸ்வீப்

20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப்பைக் குறைந்த வால்யூமில் கேளுங்கள். 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் எங்காவது ஊசி குத்தினாற்போல் இருந்தால் குறித்துக்கொண்டு, கப்பை அரை சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி கேளுங்கள். குத்தும் அதிர்வெண் நகர்ந்தால் காது, கப் இவற்றின் அமைப்பால் வந்தது; அசையாமல் நின்றால் பெரும்பாலும் டிரைவரின் (கப்புக்குள் ஒலி எழுப்பும் பாகம்) குணம். மேலே 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லையா? வயதானால் அப்படித்தான்.

படி 5: வால்யூமைச் சமன் செய்த பிறகே ஒப்பீடு

பழைய ஹெட்ஃபோனோடு ஒப்பிடும்போது சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசமே ஏமாற்றப் போதும். தடித்த அட்டையில் போன் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் மேல் பேடைப் பதித்து, மறுபக்கம் சவுண்ட் மீட்டர் ஆப் திறந்த போனைப் பிடியுங்கள். பிங்க் நாய்ஸ் (தாழ்ந்ததும் உயர்ந்ததுமான எல்லா ஒலியும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அந்த எண் உண்மையான டெசிபல் ஆகாது. ஒப்பிட மட்டும் பயன்படும்.

படி 6: பாட்டுகள்

நன்கு பழகிய நான்கு பாட்டுகள், ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் போதும். ஆணின் கனத்த குரலைக் கவனியுங்கள்: டிரைவரின் பின்பக்க ஒலி கப்பின் சுவரில் மோதித் திரும்புவதால், 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வாக்கில் குடத்துக்குள் பேசுவது போன்ற சாயல் வரலாம். மலிவான க்ளோஸ்டு பேக் பலவற்றின் பலவீனம் இது. அதிக விலை கொடுப்பதே இதை அடக்கத்தான். பிறகு 'ச', 'ஸ', 'ஷ' சீறுகிறதா, பேஸ் கிடாரில் சுரங்கள் தனித்தனியாக விழுகின்றனவா, ஒரே "தும்" ஆகக் குழைகின்றனவா என்று பாருங்கள்.

ஆம்ப் வேண்டுமா?

ஆம்ப் என்பது ஹெட்ஃபோனுக்குக் கூடுதல் சக்தி தரும் கருவி. ஓம் எண்ணை (இம்பீடன்ஸ், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்சிட்டிவிட்டியும் (கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) சேர்ந்துதான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஃபோக்கல் ஸ்டெல்லியா 35 ஓம், சாதாரண டாங்கிளிலேயே (போனில் செருகும் சிறு ஹெட்ஃபோன் இணைப்பான்) உரக்க ஒலிக்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகைக்குப் பல போன்களில் வால்யூம் போதாது. ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். மீறினால் டைனமிக் டிரைவரில் (சுருளும் காந்தமும் கொண்ட வழக்கமான வகை) பேஸ் உப்பிக் குழம்பலாம். பிளானார் வகையை (தட்டையான மென்படலம் அதிரும் டிரைவர்) இது அவ்வளவாகத் தொடாது.

படி 7: மறுநாள்

குறிப்பு எழுதி மூடிவைத்து, மறுநாள் முதல் பாட்டிலேயே என்ன உறுத்துகிறது என்று பாருங்கள். "பர்ன்-இன்" (ஓட ஓட ஒலி மேம்படும் என்ற கருத்து) என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு பேட் இளகுவதும் காது பழகுவதும்தான். ஒரு மணி நேரம் தொடர்ந்து அணிந்தும் பாருங்கள். 400 கிராமுக்கு மேலான எடையும், பேடுக்குள் சேரும் சூடும் பத்து நிமிடச் சோதனையில் தெரியாது.

இரண்டு நாளிலும் பேஸ் குறைவு என்றே பட்டால், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஈக்யூவில் 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். குடத்துச் சாயல்தான் குறை என்றால் ஈக்யூ ஓரளவுக்கே உதவும். கப்புக்குள் எதிரொலித்து இழுபடும் ஒலி சத்தத்தைக் குறைப்பதால் நிற்காது. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுங்கள்.